துவர்ப்பு

பாட்டில் ஐந்து. வெள்ளை இரண்டு, சிவப்பு மூன்று.
வேலூரில் நாற்பத்திரண்டு டிகிரி.
ஓட்டல் அறையில் ஏசி இரைந்துகொண்டிருந்தது.
சட்டைகளுக்கு நடுவே கைக்குழந்தைபோலச் சுற்றி
இத்தாலியிலிருந்து கொண்டுவந்திருந்தான் லொரென்சோ.
முதலாளி இம்தியாஸ் தொடமாட்டார்.
"மரியாதைக்கு நீங்க போங்க" என்று
என்னையும் சாய மேஸ்திரி மாசிலாமணியையும் அனுப்பினார்.

முதல் வெள்ளை.
என்ன தெரிகிறது என்று கேட்டு
பச்சை ஆப்பிள் என்று விடையும் அவனே சொன்னான்.
ஆப்பிளை நான் ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் மட்டுமே பார்த்தவன்.
எனக்கு வந்தது கிளிமூக்கு மாங்காய்,
உப்பு தொடாதது, காம்பில் பால் வடிவது.
பல் கூசுது சார் என்றேன்.
எழுதிக்கொண்டான்.

இரண்டாவது கொஞ்சம் மஞ்சள்,
வெந்தயம் ஊறிய தண்ணீர்.
மூக்கை உள்ளே விடு என்றான்.
கோட்டைச் சுவரில் சித்திரை மழையின்
முதல் பத்துச் சொட்டு விழுந்ததும்
கல் விடுமே ஒரு மூச்சு, அது.
விழுங்கிய பிறகு ஓரத்தில் உப்பு.
"மினரல்" என்றான் கண்மூடி. "ஆற்றங்கரைத் திராட்சை."
மாசிலாமணி என்னைப் பார்த்தார்.
எங்கள் தெரு போர்வெல்லிலும் மினரல் உண்டு,
அதில் பருப்பு வேகாது.
உங்கள் ஊரில் ஆறு இருக்கிறதா என்று கேட்டான்.
காட்பாடியிலிருந்து வரும்போது பாலத்தில் கடந்தீர்களே.
"அது மைதானம் இல்லையா?"

சிவப்பில் முதலாவது நாவல் பழம்.
நாக்கு நீட்டிக் காட்டினேன், ஊதா.

அடுத்தது உள்ளே போனதும்
ஈறு சுருங்கியது, கன்னத்தின் உள்தோலை
யாரோ இரண்டு விரலால் பிடித்து இழுத்தார்கள்.
சிரித்துவிட்டேன்.
இது கடுக்காய்.
இது எங்கள் பழைய ஷெட்டில் ஆவாரம்பட்டை ஊறும் தொட்டி.
"டேனின்" என்றான் அவன்.
"டேனின்" என்றேன் நான்.
அன்றைக்கு இருவருக்கும் பொதுவாக அகப்பட்ட முதல் வார்த்தை.
ஆட்டுத்தோலை அழுகவிடாமல் நிறுத்துகிறது,
திராட்சைச் சாற்றையும் நிறுத்துகிறதாம்.
பதினேழு வருஷம் விரல் அறிந்ததை
நாக்கு இப்போதுதான் கேள்விப்படுகிறது.

மாசிலாமணி குடிக்கவில்லை.
கிளாஸை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கி
"பர்கண்டில அரைப் பங்கு கறுப்பு விழுந்திருக்கு" என்றார்.
பர்கண்டி ஒரு ஊர், வைன் விளையும் ஊர் என்று
லொரென்சோ கைதட்டிச் சொன்னான்.
அவர் நம்பவில்லை.
முப்பது வருஷமாக அது சாய டப்பா.
மடியிலிருந்த ஆற்காடு மக்கன் பேடா பொட்டலத்தைப் பிரித்து
ஆளுக்கு ஒன்று கொடுத்தார்.
அதன் பிறகு அந்த வைன் புளித்த மோர்.

கடைசி பாட்டில், பன்னிரண்டு வயசு.
லொரென்சோ குரலைத் தணித்தான், கோயிலில்போல.
புகையிலை என்றான், காய்ந்த அத்தி என்றான்,
பொறு, பொறு, இதோ, தோல்.
புதுத் தோல். குதிரைச் சேணம்.
இதற்குத்தான் இவ்வளவு விலை.

முகர்ந்தேன்.
இருந்தது.
சத்தியமாக இருந்தது.
ஆறரை மணி ராணிப்பேட்டை பஸ்ஸில்
நான் உட்கார்ந்ததும் எழுந்துபோகும் அம்மாளுக்குத் தெரியும் அது.
மூன்று சோப்புக்கும் போகாதது.
பெண் பார்க்கப் போன வீட்டில்
காபி கொடுத்த கையோடு ஜன்னலைத் திறந்தார்களே,
அது.
அதை ஒருவன் கண்ணாடியில் ஊற்றிச் சுழற்றி
கண்மூடி ஆஹா என்கிறான்.

கோபம் வந்திருக்கலாம். வரவில்லை.
இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன்.
"என்ன தெரிகிறது?"
தெரிந்ததெல்லாம் தொண்டைவரை வந்து நின்றது.
கைவசம் இருந்த இங்கிலீஷில்
"குட்" என்றேன்.
அவன் பேனாவை மூடினான்.

கடைசி பஸ்.
மாசிலாமணி கம்பியில் தலைசாய்த்துத் தூங்கினார்.
பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் மூக்கைச் சுளித்து
"என்னய்யா நாத்தம், சரக்கா?" என்றார்.
ஆமா சார்,
பதினேழு வருஷத்துச் சரக்கு.